டிஸ்டேல் ஊரின் வரவேற்புப் பலகை

நேயர்களுக்கு வணக்கம். கனடாவின் சஸ்காட்செவன் மாகாணத்தில், கண்ணுக்கெட்டிய தூரம் வயலாகவே கிடக்கும் சமவெளியில் டிஸ்டேல் என்றொரு சிற்றூர். சுமார் 3,000 பேர் வாழும் இடம். அந்த ஊருக்குள் நுழைவோரை 'லேண்ட் ஆஃப் ரேப் அண்ட் ஹனி' என்ற வாசகம் ஏறக்குறைய 60 ஆண்டுகள் வரவேற்றது.

ரேப் என்ற ஆங்கிலச் சொல்லுக்குப் பாலியல் வன்கொடுமை என்றும் பொருள் உண்டு என்பதால், கேட்டதும் நெஞ்சு பதறும். ஆனால் ஊரார் பெருமையாகச் சொன்னது ரேப்சீட் என்ற எண்ணெய் வித்தையும் தேனையும்தான். நம் கடுகுக்கு நெருங்கிய சொந்தம் அந்தச் செடி. அதே மஞ்சள் பூ. நீராவியும் தண்ணீரும் பட்டாலும் இரும்பை விட்டு நழுவாத எண்ணெய் என்பதால், இரண்டாம் உலகப் போரின்போது கப்பல் எஞ்சின்களுக்காக அதைக் கனடாவில் பயிரிட்டார்கள். போர் முடிந்ததும் அந்தத் தேவை சரிந்தது. சமையலுக்குக் கொண்டுவரலாம் என்றால், இதயத்துக்குக் கேடு என்று அஞ்சப்பட்ட எருசிக் அமிலம் எண்ணெயில் மிகுதி. புண்ணாக்கும் அதன் காரத்தால் கால்நடைக்கு ஒத்துவரவில்லை.

இங்கேதான் எனக்குப் பிரமிப்பு. அதே மாகாணத்தின் சஸ்கட்டூன் நகரில் கீத் டௌனி என்ற விஞ்ஞானி, அந்தப் பொடி விதையை இரண்டாகப் பிரித்தார். ஒரு பாதியின் எண்ணெயைச் சோதனைக்கு அனுப்பினார். முளைக்கருவுள்ள மறுபாதியை மண்ணில் ஊன்றினார். அமிலம் குறைந்த விதை என்று தெரிந்தால், அதன் செடி கையிலேயே இருக்கும்! பக்கத்து மாகாணமான மானிடோபாவில் பால்டர் ஸ்டெஃபான்சன் என்ற விஞ்ஞானி, அமிலமும் புண்ணாக்கின் காரமும் சேர்ந்தே குறைந்த 'டவர்' ரகத்தை 1974இல் தந்தார். அப்படிப் பிறந்ததுதான் இன்று கடைகளில் விற்கும் கனோலா எண்ணெய். டிஸ்டேல் விவசாயிகளும் கனோலாவுக்கு மாறினார்கள். பழைய ரேப்சீட் அங்கே அரிதாகிப்போனது, பலகையில் மட்டும் பெயர் நின்றது.

2015இல் அந்த வாசகத்தை மாற்றலாமா என்று நகர மன்றம் ஊராரிடம் கருத்துக் கேட்டது. அடுத்த ஆண்டு, வாய்ப்பு இங்கே விளைகிறது என்ற பொருளில் புதிய வாசகம் வந்தது. பாட்டன் பூட்டன் உழைப்பைத் துடைத்தெறிகிறார்களே என்று வருந்தியவர்களின் மனம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் மாற்றியது சரி என்பேன். வன்கொடுமைக்கு ஆளான ஒரு பெண் அந்தச் சாலையில் வரும்போது, அவளிடம் தாவரவியல் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க முடியுமா?

தேனின் பெருமைக்கு அங்கே பிரம்மாண்டமான தேனீச் சிலை நிற்கிறது. அதன் அருகில் அந்தப் பாதி விதையின் கதையையும் எழுதி வைத்தால், ஊர்ப் பிள்ளைகள் படிப்பார்கள். நன்றி, வணக்கம்.