தவறுக்கென ஒரு கட்டம்

அவையோருக்கு வணக்கம்.

பேஸ்பால் மைதானத்தின் ஸ்கோர் பலகையை உற்றுப் பார்த்திருக்கிறீர்களா? ஒவ்வோர் அணியின் பெயருக்கு எதிரிலும் ஒன்பது இன்னிங்ஸுக்கு ஒன்பது கட்டங்கள் இருக்கும். அவற்றுக்கு அப்பால் இன்னும் மூன்று. முதலாவதில் ரன்கள், இரண்டாவதில் ஹிட்கள், அதாவது அடித்தவர் பேஸ் எனப்படும் நிறுத்தத்தைப் பத்திரமாக எட்டிய அடிகள். மூன்றாவதில் அந்த அணி செய்த பிழைகள். கிரிக்கெட்டில் நழுவவிட்ட கேட்சுக்கு ஸ்கோர் அட்டையில் இடம் கிடையாது. பேஸ்பாலில் தவறியவரின் பெயரே ஏட்டில் ஏறிவிடும். நூறாண்டு கழித்து எடுத்துப் பார்த்தாலும் அது அங்கேதான் இருக்கும்.

இந்த ஆட்டத்தின் மறக்க முடியாத தருணங்கள் என்றதும் பெரிய பெயர்களை எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். 1947 ஏப்ரல் 15 அன்று கறுப்பின வீரர்களுக்கு இருந்த நிறத் தடையை உடைத்து புரூக்ளின் அணிக்காகக் களமிறங்கிய ஜாக்கி ராபின்சன், 1974 ஏப்ரல் 8 அன்று கிரிக்கெட் சிக்ஸரைப் போன்ற ஹோம் ரன்னை 715ஆவது முறையாக அடித்து, பேப் ரூத்தின் சாதனையைக் கடந்த ஹேங்க் ஆரன். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே ஒரு மாலைப்பொழுது வேண்டும். இன்று நான் பேச வந்தது அந்த மூன்றாவது கட்டத்தைப் பற்றி.

1986 அக்டோபர் 25, நியூயார்க்கின் ஷே மைதானம். நான்கு ஆட்டங்களை வெல்லும் அணிக்குக் கோப்பை தரும் உலகத் தொடரின் ஆறாவது ஆட்டம். பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணி மூன்றுக்கு இரண்டு என்று முன்னிலையில் இருந்தது. அந்த ஊர் கடைசியாகக் கோப்பையைத் தொட்டது 1918இல். பேரன் பேத்தி எடுத்தவர்கள்கூட ஒரு வெற்றியைப் பார்த்ததில்லை. பத்தாவது இன்னிங்ஸில் பாஸ்டன் 5-3 என்று முந்தியிருக்க, நியூயார்க் மெட்ஸ் அணியில் இருவர் அவுட். இன்னும் ஒருவர் அவுட்டானால் கோப்பை பாஸ்டனுக்கு. பேஸ்களில் ஒருவரும் இல்லை. பாஸ்டன் வீரர்களின் அறையில் ஷாம்பெயின் தயாராக இருந்தது.

பிறகு அடுத்தடுத்து மூன்று ஹிட்கள். 5-4. அடுத்து, பந்தெறியும் பிட்ச்சரின் பந்து ஒன்று, அடிப்பவருக்குப் பின்னால் நின்று பிடிக்கும் கேட்ச்சரின் கைக்கு எட்டாமல் விலகி ஓட, ஆட்டம் 5-5 என்று சமநிலைக்கு வந்துவிட்டது. இதை நீங்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். பின்னாளில் பழி சொன்னவர்கள் வசதியாக மறந்துபோனது இதைத்தான். அதற்குப் பிறகே மூக்கி வில்சன் அடித்த பந்து முதல் பேஸை நோக்கி மெல்ல உருண்டு வந்தது. அங்கே நின்றவர் பில் பக்னர், வயது 36. கணுக்காலில் நாட்பட்ட காயம், ஐஸ் கட்டி வைத்து வைத்துத்தான் ஆடிக்கொண்டிருந்தார். அவர் குனிந்தார். கையுறைக்குக் கீழே, இரண்டு கால்களுக்கும் நடுவே, பந்து போய்விட்டது. நியூயார்க் 6-5 என வென்றது. ஏழாவது ஆட்டத்தையும் பாஸ்டன் தோற்றது.

22 பருவங்கள் ஆடியவர் பக்னர். 2,715 ஹிட்கள் அடித்தவர். அத்தனையும் அந்த ஒரு பந்தின் அடியில் புதைந்துபோயின. கொலை மிரட்டல்கள் வந்தன. தெருவில் போகிறவரெல்லாம் குத்திக்காட்டினார்கள். பின்னர் அவர் குடும்பத்தோடு ஐடஹோ மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தார். அன்று தோற்றது ஓர் அணி முழுவதும். சுமந்தது ஒருவர். எனக்கு இதை நினைக்கும்போதெல்லாம் நெஞ்சு கனக்கும்.

2004இல் ஒருவழியாக பாஸ்டன் கோப்பையை வென்றது. 2007இல் மீண்டும் வென்றது. 2008 ஏப்ரல் 8 அன்று, ஃபென்வே மைதானத்தில் அந்தப் பருவத்தின் முதல் ஆட்டத்துக்கு, சம்பிரதாயமான முதல் பந்தை எறிய பக்னரை அழைத்தார்கள். இடது புற மதிலிலிருந்து தனியாளாக நடந்து வந்தார். மைதானம் முழுவதும் எழுந்து நின்றது, கைதட்டல் ஓயவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டே நடந்தார். பழைய தோழர் டுவைட் எவன்ஸ் பந்தைப் பிடித்தார். தாம் மன்னிக்க வேண்டியிருந்தது ரசிகர்களைக் காட்டிலும் ஊடகங்களைத்தான் என்று பிற்பாடு அவர் சொன்னார். 22 ஆண்டு காலம் காத்திருந்தவர் சொன்ன சொல் அது.

வீரரின் பிழைக்கு ஒரு கட்டம் இருக்கிறது. நடுவரின் பிழைக்கு?

2010 ஜூன் 2, டெட்ராய்ட் நகரின் காமெரிகா பார்க். வெனிசுவேலாவில் பிறந்த 28 வயது அர்மாண்டோ கலராகா டெட்ராய்ட் டைகர்ஸ் அணிக்காகப் பந்தெறிந்தார். எதிரே கிளீவ்லாந்து. பேஸ்பாலில் பிட்ச்சருக்கு வாய்க்கக்கூடிய உச்சம் 'பெர்ஃபெக்ட் கேம்'. இன்னிங்ஸுக்கு மூவராக, வந்த 27 பேரையும் ஒருவர்கூட முதல் பேஸை எட்டாதபடி வீழ்த்த வேண்டும். 1880இலிருந்து 2023 வரை, இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆட்டங்களில், இது நிகழ்ந்தது 24 முறைதான்.

கலராகா 26 பேரை வீழ்த்திவிட்டார். ஒன்பதாவது இன்னிங்ஸின் முதல் பந்தடி நடுக்களத்தின் ஆழத்துக்குப் பறக்க, ஆஸ்டின் ஜாக்சன் முதுகைக் காட்டி ஓடி, தலைக்கு மேலாக வந்த பந்தைக் கையுறையில் வாங்கினார். இருபத்தேழாவது ஆள் ஜேசன் டொனால்டு. அவர் தட்டிய பந்தை மிகெல் கப்ரெரா வலப்பக்கம் விரைந்து எடுத்து, முதல் பேஸுக்கு ஓடிவந்த கலராகாவிடம் எறிந்தார். பந்து கையுறையில் விழுந்தது. கால் பேஸில் பட்டது. ஓடி வந்தவர் இன்னும் ஓரடி தள்ளியிருந்தார். நடுவர் ஜிம் ஜாய்ஸ் இரு கைகளையும் அகல விரித்தார். சேஃப், அதாவது அவுட் இல்லை!

டொனால்டே தலையில் கை வைத்துக்கொண்டார். மைதானம் கொதித்தது. கலராகா என்ன செய்தார் தெரியுமா? நடுவரைப் பார்த்துப் புன்னகைத்தார். அந்தப் புன்னகையில் கசப்பு இருந்ததாக எனக்கு ஒருபோதும் தோன்றியதில்லை. திரும்பி நடந்துபோய், அடுத்த ஆளையும் வீழ்த்தி, 88 பந்துகளில் 3-0 என்று ஆட்டத்தை முடித்தார்.

ஜாய்ஸ் நடுவர்களின் அறைக்குப் போய் ஒளிப்பதிவைப் பார்த்தார். சாக்கு எதுவும் தேடவில்லை. அந்தப் பிள்ளையின் பெர்ஃபெக்ட் கேமைப் பறித்துவிட்டேன் என்று செய்தியாளர்களிடம் சொல்லிவிட்டார். கலராகாவைச் சந்தித்து அழுதபடியே மன்னிப்புக் கேட்டார். எல்லாரும் மனிதர்கள்தானே, யாரும் குறையற்றவர்கள் இல்லை என்றார் கலராகா.

மறுநாள் அதே இரு அணிகளுக்கும் ஆட்டம். ஜாய்ஸ் விடுப்பு எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். அவர் மறுத்துவிட்டு, பந்தடிப்பவர் நிற்கும் ஹோம் பிளேட்டில் நடுவராக வந்து நின்றார். ஆடுவோர் பட்டியல் எழுதிய அட்டையை நடுவரிடம் கொடுப்பது பொதுவாக மேலாளரின் வேலை. அன்று மேலாளர் ஜிம் லேலண்ட் அந்த அட்டையைக் கலராகாவின் கையில் கொடுத்தனுப்பினார். ஜாய்ஸ் கண்ணீரைத் துடைத்துக்கொண்டே அதை வாங்கினார். கைகுலுக்கினார்கள். கலராகாவின் தோளில் ஒரு தட்டு தட்டினார். முந்தைய நாள் கூச்சலிட்ட அதே ஊர் கைதட்டியது.

லீக் ஆணையர் பட் செலிக் அந்தத் தீர்ப்பை மாற்ற மறுத்துவிட்டார். இப்படிப்பட்ட தீர்ப்புகளை ஒளிப்பதிவு பார்த்துத் திருத்தும் முறை 2014இல்தான் வந்தது. அந்த ஆட்டத்தின் ஏட்டைப் புரட்டினால், பிழைக்கான கட்டத்தில் டெட்ராய்ட்டுக்கு இன்றும் பூஜ்யம்தான் இருக்கிறது. கிளீவ்லாந்துக்கு நேரே ஒரேயொரு ஹிட்.