வண்டி பிரித்த இடம்

நேயர்களுக்கு வணக்கம். வடசென்னைக்காரர்களுக்குத் கூட்ஸ் வண்டிகளைப் பிரித்துச் சேர்க்கிற தண்டையார்பேட்டை ரயில்வே யார்டைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. கொருக்குப்பேட்டை கேட்டில் நின்று, இந்தக் கூட்ஸ் வண்டி எப்போதுதான் முடியுமோ என்று அலுத்துக்கொண்டவர்கள்தானே நாம்!

இன்று அப்படிப் போகிற வண்டி முழுக்க ஒரே சரக்கு, ஒரே ஊருக்கு. அன்று அப்படியில்லை. ஒரு வேகனில் ஈரோட்டுக்கு உப்பு இருக்கும், அடுத்ததில் விஜயவாடாவுக்கு சிமென்ட் இருக்கும். யார்டுக்குக் கொண்டுவந்து கழற்றி, ஒரே திசையில் போகிறவற்றைச் சேர்த்துக் கோர்க்க வேண்டும். என்ஜின் ஒரு தள்ளு தள்ளும். கழற்றிய வேகன் தானாக ஓடும். ஒரு ஆள் கூடவே ஓடி, பக்கவாட்டு பிரேக்கை அமுக்கி நிறுத்துவார். இரவிலும், மழையிலும், ஜல்லிக் கல் மேல் அந்த ஓட்டம்! சில வேகன்களில் 'தள்ளிவிடக் கூடாது' என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். வேகனுக்குக் கிடைத்த அந்தச் சலுகை ஓடுகிற ஆளுக்கு இல்லை.

நான் முதலில் சேர்ந்த யார்டு வேறு. பெயர் வேண்டாம். நம்பர் எடுப்பது என் வேலை. லாந்தரும் நோட்டுமாக வேகன் வேகனாக நடக்க வேண்டும். மிளகாய் வியாபாரி ஒருவர் தன் வேகன் வரவில்லை என்று தினமும் வந்து நிற்பார். பெரியவர் பாவம், கோபப்படவும் மாட்டார். எல்லா ஊருக்கும் தந்தி போயிற்று. கடைசியில் பார்த்தால், வேகன் அதே யார்டில், காலி வேகன்களுக்கு நடுவில்! வேகனில் ஒட்டியிருந்த சீட்டு கிழிந்து விழுந்ததால் யாரோ 'காலி' என்று எழுதிவிட்டார்கள். கண்டுபிடித்தது எப்படி என்கிறீர்களா? பக்கத்தில் போன பாயின்ட்ஸ்மேனுக்கு, அதாவது தண்டவாளப் பாதையை மாற்றிவிடுகிறவருக்கு, தும்மல் நிற்கவில்லை.

சரி, எப்படி மாறியது? 1980களில் ரயில்வே ஒற்றை வேகன் சரக்கைக் குறைத்து, முழு ரேக்காக, அதாவது வண்டி முழுவதையும் ஒரே சரக்கோடு ஒரே ஊருக்கு, ஓட்டத் தொடங்கியது. பிரிக்கிற வேலை குறைந்ததால் யார்டுகளில் நெரிசல் குறைந்தது, சரக்கும் சீக்கிரம் போனது. ஆனால், ஒரு வேகன் மட்டும் அனுப்புகிற சிறு வியாபாரி லாரிக்குப் போய்விட்டார். இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: லாபக் கணக்கில் மிளகாய்க்காரரையும் சேருங்கள்.

நேரம் முடிகிறதாம், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சைகை வருகிறது. கன்டெய்னர் வந்தது, நோட்டுக்குப் பதில் கம்ப்யூட்டர் வந்தது என்று நிறையக் குறித்து வந்தேன். 1856இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் கிளம்பிய ராயபுரத்தில் இப்போது மின்சார என்ஜின் ஷெட் இருப்பதையும் பேச நினைத்தேன். இன்னொரு நாள் கூப்பிட்டால் வருகிறேன். வணக்கம்.