வெஸ்ட்மின்ஸ்டர் பையன்கள் எங்க போனாங்க? 1740கள்ல படிச்சவங்களைத் தேடிப் பிடிக்கிற முறை

வணக்கம் மக்களே. இன்னைக்கு லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் ஸ்கூல். டாக்டர் ஜான் நிக்கல் ஹெட்மாஸ்டரா இருந்த 1733 முதல் 1753 வரைக்கும் அங்க பெஞ்சு தேய்ச்ச பையன்கள்ல ஒருத்தர் வங்காளத்துக்கு கவர்னர் ஜெனரல், ஒருத்தர் கல்கத்தா சுப்ரீம் கோர்ட்டுக்கு முதல் தலைமை நீதிபதி, ஒருத்தர் கவிஞர் வில்லியம் கூப்பர், ஒருத்தர் ரோம சரித்திரம் எழுதின எட்வர்ட் கிப்பன். இப்படிப் பேர் அடுக்குற வீடியோ நிறைய இருக்கு. நாம பார்க்கப் போறது வேற. ஒரு பழைய மாணவரோட வாழ்க்கையை ஆவணத்துல இருந்து எப்படிக் கோக்கிறது, எந்த இடத்துல நூல் அறுந்து போகும்ங்கிறதுதான்.

முதல்லயே சொல்லிடறேன். எல்லாரும் ஸ்கூல்ல சேர்ந்த தேதியைத்தான் தேடுறாங்க. அதை விட எப்போ விட்டான், ஏன் விட்டான்கிறதைப் பிடிங்க. பாதி வாழ்க்கைக்கு விடை அங்கதான் இருக்கு.

ஸ்கூல்ல ரெண்டு வகைப் பையன்கள். ஒண்ணு கிங்ஸ் ஸ்காலர், மொத்தமே 40 இடம். வாரக்கணக்குல ஒருத்தனை ஒருத்தன் இலக்கணக் கேள்வி கேட்டு மடக்கி, வரிசையில மேல ஏறணும். அந்தப் போட்டிக்கு சேலஞ்ச்னு பேரு. ஜெயிச்சவங்க தங்கறதுக்கு பர்லிங்டன் பிரபு வரைஞ்சு கட்டின டார்மிட்டரி, 1730ல திறந்தது. இன்னொண்ணு டவுன் பாய்ஸ். இவங்க வீட்டுல இருந்து வருவாங்க, இல்லைன்னா பக்கத்துல பெண்கள் நடத்தின போர்டிங் வீடுகள்ல தங்குவாங்க. கிப்பனோட பெரியம்மா கேத்தரின் போர்ட்டன், தன்னோட அப்பா வியாபாரம் திவாலானதும் அப்படி ஒரு வீடுதான் நடத்தினாங்க. கிப்பன் அங்க இருந்துதான் ஸ்கூலுக்குப் போனார்.

இது ஏன் முக்கியம்? ஸ்காலர்களுக்கு வருஷா வருஷம் தேர்வுப் பட்டியல் இருக்கு. அங்க இருந்து ஆக்ஸ்ஃபோர்ட் கிரைஸ்ட் சர்ச் கல்லூரிக்கோ, கேம்பிரிட்ஜ் ட்ரினிட்டி கல்லூரிக்கோ யார் போனாங்கன்னும் எழுதி வெச்சிருக்காங்க. டவுன் பாய்ஸுக்கு அந்த வசதி இல்லை. ஸ்கூலோட சேர்க்கைப் பதிவேடு அச்சுல தொடர்ச்சியா வர்றதே 1764ல இருந்துதான். அதுக்கு முன்னாடி படிச்ச டவுன் பாய் ஒருத்தன் பட்டியல்ல இல்லைன்னா, அவன் அங்க படிக்கலைன்னு முடிவு கட்டாதீங்க. கடிதம், கல்லூரிச் சேர்க்கை, அவரே எழுதின நினைவுக் குறிப்புன்னு வெளியில இருந்துதான் நிரூபிக்கணும்.

அடுத்தது தேதி. பொல்லாத குழி இது. இங்கிலாந்துல 1751 வரைக்கும் சட்டப்படி வருஷம் பிறந்தது மார்ச் 25ல. அதனால ஜனவரி, பிப்ரவரி, மார்ச் 24 வரைக்கும் வர்ற தேதிகளை அவங்க முந்தின வருஷத்துல எழுதுவாங்க. கிப்பன் வெஸ்ட்மின்ஸ்டர்ல சேர்ந்தது நம்ம கணக்குல 1749 ஜனவரி, அந்தக் காலத்து ஏட்டுல 1748. ரெண்டையும் சேர்த்து 1748/9னு எழுதறதுதான் வழக்கம். 1752ல இன்னொரு கூத்து: செப்டம்பர் 2க்கு அடுத்த நாள் செப்டம்பர் 14. நடுவுல 11 நாள் காணோம். கூப்பருக்குப் பிறந்த நாள் 1731 நவம்பர் 15னு ஒரு இடத்துல இருக்கும், 26னு இன்னொரு இடத்துல இருக்கும். ரெண்டும் சரிதான், காலண்டர்தான் வேற. நோட்டுல எழுதும்போது மூலத்துல இருக்கிறபடியே எழுதிட்டு, மாத்தின தேதியைப் பக்கத்துல போடுங்க. நேரா மாத்தி எழுதிட்டா பின்னால திருப்பிச் சரிபார்க்க வழியில்லை.

சரி, பின்னால வங்காள கவர்னர் ஜெனரல் ஆன வாரன் ஹேஸ்டிங்ஸை எடுத்துக்கலாம். 1732 டிசம்பர் 6ல பிறந்தவர். பிறந்த கொஞ்ச நாள்லயே அம்மா இறந்துட்டாங்க, அப்பா விட்டுட்டுப் போயிட்டார். சித்தப்பா ஹோவர்ட் ஹேஸ்டிங்ஸ் லண்டனுக்குக் கூட்டிட்டு வந்து, 1743ல வெஸ்ட்மின்ஸ்டர்ல சேர்த்தார். 1747 சேலஞ்ச்ல முதலிடம். டார்மிட்டரி சுவர்ல தங்க எழுத்துல பேர் ஏறுச்சு. இந்த வேகத்துல போனா கிரைஸ்ட் சர்ச், அப்புறம் பாதிரியார் வேலையோ வக்கீல் வேலையோன்னுதான் யாரும் நினைப்பாங்க. 1749ல சித்தப்பா செத்துட்டார். பொறுப்பு ஏத்துக்கிட்ட கிரெஸ்விக்கு ஈஸ்ட் இந்தியா கம்பெனியில செல்வாக்கு உண்டு. பையனை ஸ்கூலை விட்டு எடுத்தார். செலவை நானே பார்த்துக்கறேன், படிக்க விடுங்கன்னு நிக்கல் கேட்டும் நடக்கலை.

லத்தீன்ல புலியா இருந்த பையன் அதுக்கப்புறம் போய் உட்கார்ந்தது வியாபாரக் கணக்கு வகுப்புல. கம்பெனிக்கு வேண்டியது ஹொரேஸ் மாதிரி லத்தீன் கவிஞர் இல்லை. நல்ல கையெழுத்தும் பேரேடு எழுதத் தெரிஞ்ச ஆளும்தான். கம்பெனியில ரைட்டர், அதாவது அடிமட்டக் குமாஸ்தா, வேலைக்குக் கொடுத்த விண்ணப்பங்கள் லண்டன் பிரிட்டிஷ் லைப்ரரியில, இந்தியா ஆஃபீஸ் ரெக்கார்ட்ஸ்ல, ஜே/1ங்கிற வரிசையில இருக்கு. தொடக்கமே 1749தான்.

இந்தக் கட்டு ஒண்ணைப் பிரிச்சா என்ன இருக்கும்? மேல விண்ணப்பம். எழுத்தும் கணக்கும் பழகியிருக்கேன், உங்ககிட்ட வேலை பார்க்க ஆசைன்னு, கிட்டத்தட்ட எல்லாருக்கும் ஒரே வாசகம். அதனால அந்த வாசகத்துல இருந்து ஆளோட குணத்தை எடுக்கப் பார்க்காதீங்க. அடியில கோத்து வெச்சிருக்கிற தாள்கள்லதான் சரக்கு: ஞானஸ்நானப் பதிவோட நகல், கணக்கு வாத்தியார் கொடுத்த சான்று. ஞானஸ்நான நகல்ல ஊர்ப் பேரும் அப்பா அம்மா பேரும் கிடைச்சுடும். ஆனா அது ஞானஸ்நானத் தேதி, பிறந்த தேதி இல்லை. சில குழந்தைகளுக்கு ரொம்பத் தாமதமா நடந்திருக்கும். வயசை அதை வெச்சுக் கணக்குப் போட்டா தப்பாகும்.

ஹேஸ்டிங்ஸ் கப்பல் ஏறினது 1750 ஜனவரி, வயசு 17. ரைட்டருக்குச் சம்பளம் வருஷத்துக்கு 5 பவுண்டு. ஜூனியர் மெர்ச்சன்ட் ஆனா 30, சீனியர் ஆனா 40. இதை மட்டும் பார்த்து ஏழைன்னு எழுதிடாதீங்க. சொந்த வியாபாரம் பண்ணிக்க அனுமதி இருந்தது, சம்பாத்தியமெல்லாம் அங்கதான். அது சம்பளப் பட்டியல்ல வராது, உயில்லதான் தெரியும்.

நம்ம ஊர்ப் பக்கம் ஒரு துண்டு. 1769ல ஹேஸ்டிங்ஸ் மெட்ராஸ் கவுன்சில்ல ரெண்டாவது ஆளா வந்தார். கம்பெனி துணி வாங்குற ஏற்பாட்டுல நெசவாளருக்கும் கம்பெனிக்கும் நடுவுல இருந்த தரகர்களைக் குறைக்கப் பார்த்தார். மசூலா படகுல சரக்கு இறக்கும்போது அலையில நாசமாகுதுன்னு மெட்ராஸுக்கு ஒரு பியர் (கடலுக்குள்ள நீட்டிக் கட்டுற இறங்குதுறை) வேணும்னும் யோசனை சொன்னார். 1772ல வங்காளம் போயிட்டார். மெட்ராஸ்ல இருந்த கம்பெனி ஆட்களோட ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் இதுக்கெல்லாம் லண்டனுக்குப் போன நகல்கள் அதே இந்தியா ஆஃபீஸ் ரெக்கார்ட்ஸ்ல என்/2 வரிசை. வங்காளம் என்/1, பம்பாய் என்/3. ஆள் எந்த மாகாணம்னு தெரியாம என்/1ல மட்டும் தேடிட்டு, கிடைக்கலைன்னு விட்டுடறவங்க ஜாஸ்தி.

இப்போ எலைஜா இம்பே. அதே வயசு, அதே வருஷம் 1747ல கிங்ஸ் ஸ்காலர். வீட்டுல யாரும் படிப்பை நிறுத்தலை. கேம்பிரிட்ஜ் ட்ரினிட்டி, 1756ல பி.ஏ., அதே வருஷம் வக்கீல். 1774ல கல்கத்தா சுப்ரீம் கோர்ட் தலைமை நீதிபதி, சம்பளம் 8,000 பவுண்டு. 1775ல நந்தகுமாருக்கு ஃபோர்ஜரி வழக்குல தூக்கு. ஹேஸ்டிங்ஸ் மேல புகார் சொன்னவர் நந்தகுமார். பள்ளித் தோழனுக்காக நீதிபதி ஆளைக் கொன்னுட்டார்னு பின்னால பெரிய குற்றச்சாட்டு கிளம்புச்சு.

ஒரே ஸ்கூல்ங்கிற ஒரு தகவலை இவ்வளவு தூரம் இழுக்கலாமா? என் கருத்து, கூடாது. 1779, 80ல காசிஜோரா வழக்குல இம்பேயோட கோர்ட்டும் ஹேஸ்டிங்ஸோட கவுன்சிலும் நேருக்கு நேர் மோதிக்கிட்டாங்க. அதுக்கு அப்புறம் அதே 1780ல ஹேஸ்டிங்ஸ் இம்பேக்கு சதர் திவானி அதாலத், அதாவது கம்பெனியோட உச்ச சிவில் அப்பீல் கோர்ட், பொறுப்பைக் கூடுதல் சம்பளத்தோட கொடுத்ததும் உண்மை. நட்பு, பகை, பேரம் மூணும் கலந்து இருக்கு. பள்ளிப் பட்டியல் ரெண்டு பேர் ஒரே இடத்துல இருந்தாங்கன்னு மட்டும்தான் சொல்லும், அதுக்கு மேல சொல்லாது.

கல்லூரிப் பட்டியல்களைப் படிக்கவும் ஒரு முறை இருக்கு. கேம்பிரிட்ஜ் பதிவுகள்ல பையன் எந்த ஸ்கூல்னு பல சமயம் எழுதியிருப்பாங்க. ஆக்ஸ்ஃபோர்ட் மெட்ரிகுலேஷன் (பல்கலைக்கழகத்துல சேர்ற) பதிவுல ஸ்கூல் பேர் வராது. அப்பா பேர், ஊர், அந்தஸ்து, வயசு இவ்வளவுதான். அந்தஸ்து சுருக்கமா இருக்கும்: ஆர்ம்.னா குலச்சின்னம் வெச்சுக்க உரிமை உள்ள குடும்பம், ஜென்.னா ஜென்டில்மேன், க்ளெர்.னா பாதிரியார் மகன், ப்ளெப்.னா சாதாரணக் குடும்பம். அந்தஸ்துக்கு ஏத்த மாதிரி கட்டணம் கூடும். அதனால கொஞ்சம் கீழ இறக்கிச் சொன்னவங்களும் உண்டு. ப்ளெப்.னு பார்த்ததும் குடிசை வீட்டுப் பிள்ளைன்னு எழுதக் கூடாது.

கடற்படைக்குப் போன பையன்கள்ல வேற சிக்கல். பின்னால அட்மிரல் ஆன அகஸ்டஸ் கெப்பல் வெஸ்ட்மின்ஸ்டரை விட்டுக் கப்பல் ஏறினது 10 வயசுல. லெப்டினன்ட் தேர்வுக்கு 20 வயசும் ஆறு வருஷக் கடல் அனுபவமும் காட்டணும். இதுக்காகவே ஸ்கூல்ல உட்கார்ந்திருக்கிற பையன் பேரைத் தெரிஞ்ச கேப்டன் தன் கப்பல் ஆள்பட்டியல்ல சேர்த்து வெச்சிடுவார். ஒரே வருஷத்துல ஒருத்தன் வகுப்புலயும் இருக்கான், கப்பல்லயும் இருக்கான்னா ரெண்டு ஆள்னு பிரிச்சிடாதீங்க, பெரும்பாலும் ஒரே ஆள்தான். தேர்ச்சிச் சான்றுல இருக்கிற வயசையும் நம்பாதீங்க.

இதே ஸ்கூல்ல படிச்ச கவிஞர் சார்ல்ஸ் சர்ச்சில் மாதிரி ஆட்களுக்குக் கல்யாணப் பதிவுதான் கதையைத் திறக்கும். பதின்வயசுலயே லண்டன் ஃப்ளீட் சிறைப் பக்கம் ரகசியக் கல்யாணம், கேம்பிரிட்ஜ் படிப்பு அதோட போச்சு. 1756ல பாதிரியார், 1761ல தியேட்டர் நடிகர்களைக் கிழிச்ச நையாண்டிக் கவிதையால ஒரே ராத்திரியில பேரு, 1764ல சாவு. ஃப்ளீட் கல்யாண ஏடுகள் லண்டன் கியூ பகுதியில இருக்கிற தேசிய ஆவணக் காப்பகத்துல ஆர்.ஜி. 7 வரிசையில இருக்கு. 1754 மார்ச்சுக்கு அப்புறம் புதுச் சட்டத்தால அந்த மாதிரிக் கல்யாணம் செல்லாது. தேதிகளை முன்பின் மாத்திப் போட்டிருக்கிறதும் அந்த ஏடுகள்ல சகஜம்.

கூப்பர் 1763ல பிரபுக்கள் சபையில ஒரு குமாஸ்தா பதவிக்காகச் சபை முன்னால விசாரணைக்கு நிக்கணும்னதும் மனசு உடைஞ்சு, செயின்ட் ஆல்பன்ஸ்ல டாக்டர் காட்டன் நடத்தின மருத்துவமனைக்குப் போனார். அதோட உத்தியோகப் பட்டியல்கள்ல அவர் இல்லை. கடிதங்கள் பத்திரமா இருந்ததாலதான் மிச்ச வாழ்க்கை நமக்குத் தெரியுது. கடிதம் எழுதாத, கவிதை எழுதாத ஆளுக்கு இதே கதி வந்திருந்தா 1763ல நூல் அறுந்திருக்கும்.

உயில் தேட அதே கியூ காப்பகத்துல ப்ரோப் 11 வரிசை. கான்டர்பரி நீதிமன்றத்துல பதிவான உயில்கள், வெளிநாட்டுல செத்தவங்களோடதும் அங்கதான் இருக்கும். உயில் எழுதின தேதி, அது நிரூபணமான தேதி ரெண்டும் வேற. இந்தியாவுல செத்தா நடுவுல வருஷமே ஓடியிருக்கும். நிரூபணத் தேதியை இறந்த தேதின்னு போட்டா தப்பு.

கடைசியா, பேர்க் குழப்பம். ஜார்ஜ் கோல்மன்னு தேடினீங்கன்னா ரெண்டு பேர் வருவாங்க: அப்பா 1732ல பிறந்தவர், பையன் 1762ல. ரெண்டு பேரும் வெஸ்ட்மின்ஸ்டர், ரெண்டு பேரும் நாடகம் எழுதினவங்க, ரெண்டு பேரும் ஹேமார்க்கெட் தியேட்டரை நடத்தினவங்க. 1794க்கு அப்புறம் வர்றதெல்லாம் பையன். அமெரிக்க அரசியல் சட்டத்துல 1787ல கையெழுத்துப் போட்ட பிங்க்னி ரெண்டு பேர். அதுல வெஸ்ட்மின்ஸ்டர்ல படிச்சவர் சார்ல்ஸ் கோட்ஸ்வொர்த் பிங்க்னி. வெறும் சார்ல்ஸ் பிங்க்னி அவருக்கு உறவுக்காரர், அந்த ஸ்கூல் பக்கமே போகாதவர். நடுப் பேரை விட்டுட்டு எழுதின பட்டியலைக் கண்டா பிறந்த வருஷத்தை வெச்சு ஒரு தடவை சரிபார்த்துட்டுத்தான் எடுத்துக்கணும்.