சிறு விமானங்களுக்கு ரேடார்: பணம் யார் தர வேண்டும்?

அவையோர்க்கு வணக்கம். சிறு விமானங்களுக்கு, அருகில் வரும் விமானங்களைப் பற்றி ரேடார் பார்த்து எச்சரிக்கும் சேவைக்கு யார் பணம் தர வேண்டும் என்பதே நம் முன் உள்ள கேள்வி.

1986 ஆகஸ்ட் 31 அன்று, மெக்சிகோவிலிருந்து வந்த டிசி-9 பயணிகள் விமானம் ஒன்று லாஸ் ஏஞ்சலஸில் தரையிறங்கத் தாழ்ந்துகொண்டிருந்தது. மூன்று பேருடன் கிளம்பிய பைப்பர் சிறு விமானம் ஒன்று, அனுமதி பெற்றே நுழைய வேண்டிய கட்டுப்பாட்டு வான்வெளிக்குள், அனுமதி பெறாமலே வழிதவறி நுழைந்தது. தன் உயரத்தை ரேடாருக்குத் தெரிவிக்கும் டிரான்ஸ்பாண்டர் கருவி அதில் இல்லை. செரிட்டோஸ் நகரின் மேல் இரண்டும் மோதின. தரையில் இருந்த 15 பேரையும் சேர்த்து 82 பேர் மாண்டார்கள்.

ரேடார் சேவையைப் பணக்காரர்களின் பொழுதுபோக்குக்குத் தரும் சலுகை என்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்கட்டும். மாண்டவர்களில் மூவர்தான் சிறு விமானத்தில் வந்தவர்கள். அந்தச் சிறு விமானம் எங்கே பறக்கிறது என்று விமானங்களைத் தரையிலிருந்து வழிநடத்தும் கட்டுப்பாட்டாளருக்குத் தெரிந்திருந்தால் பிழைத்திருக்கக்கூடியவர்கள், பெரிய விமானத்துக்கு டிக்கெட் வாங்கியவர்களும் தம் வீடுகளில் இருந்தவர்களும்தான்.

பிரிட்டனில் தாழ்வான்வெளி ரேடார் சேவை என்று ஒன்று உண்டு. சேவை தரும் நிலையத்தைச் சுற்றி ஏறத்தாழ 30 கடல் மைலுக்குள், சுமார் 10,000 அடி உயரம் வரை, சிறு விமானி வானொலியில் அழைத்தால் அருகில் வரும் விமானங்களைப் பற்றிச் சொல்வார்கள். அழைப்பவர் காசு கொடுப்பதில்லை. வான்வழிப் போக்குவரத்துச் சேவைக்காக விமானங்கள் செலுத்தும் வழித்தடக் கட்டணமும் இரண்டு டன்னுக்குக் குறைந்த விமானங்களுக்குக் கிடையாது.

இந்தச் சேவைக்கு அழைப்புக்கு இவ்வளவு என்று கட்டணம் வைப்பதை நான் முழு மூச்சாக எதிர்க்கிறேன். கட்டுப்பாடற்ற வான்வெளியில் பெரும்பாலான இடங்களில் வானொலியில் பேச வேண்டிய கட்டாயமே இல்லை. அப்படியிருக்க, பேசினால் பில் வரும் என்றால் விமானி பேசாமல் போய்விடுவார். திரையில் அடையாளம் தெரியாத ஒரு புள்ளி கூடும். அதைச் சுற்றிப் பெரிய விமானங்களைத் திருப்பிவிடும் வேலையும் கட்டுப்பாட்டாளர் தலையில்தான் விழும்.

சிறு விமானிகள் எதுவுமே தர வேண்டாமா? தரட்டும். அமெரிக்காவில் அவர்கள் போடும் பெட்ரோலில் காலனுக்கு 19.4 சென்ட் மத்திய வரி இருக்கிறது. கனடாவில் எடைக்கேற்ற ஆண்டுக் கட்டணம். இரண்டுமே எனக்குச் சம்மதம், ஏனென்றால் உதவி கேட்கும் அந்த நொடியில் விமானியின் கை பணப்பையைத் தேடுவதில்லை. ஆனால் அடிப்படைச் செலவு விமான நிறுவனங்களுடையது. ரேடார்களும் கட்டுப்பாட்டு அறைகளும் பெரும்பாலும் அவர்களின் போக்குவரத்துக்காக அமைந்தவை. பிரிட்டனின் கலங்கரை விளக்கங்களும் இப்படித்தான் நடக்கின்றன: பெரிய கப்பல்கள் விளக்குக் கட்டணம் செலுத்துகின்றன, 20 டன்னுக்குக் குறைந்த படகுகள் செலுத்துவதில்லை, விளக்கு எல்லோருக்கும் எரிகிறது.

என்னை உறுத்துவது வேறொன்று. சிறு விமானங்கள் அதிகம் பறப்பது வார இறுதியில். அப்போதுதான் பிரிட்டனின் ரேடார் நிலையங்கள் பல மூடியிருக்கின்றன. அந்த இரண்டு நாட்களும் அவை திறந்திருக்க, வழித்தடக் கட்டண நிதியில் போதுமான பங்கை ஒதுக்க வேண்டும். எஞ்சியதைச் சிறு விமானிகள் எரிபொருள் வரியில் செலுத்தட்டும்.