பாடப்புத்தகத்துக்கு முன்னால் ஒரு நோட்டு

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பிள்ளையை வீட்டிலேயே படிக்க வைக்கலாமா என்று யோசிக்கிற பெற்றோர் என்னிடம் பேச வந்தால், உட்கார்ந்த ஐந்தாவது நிமிடத்தில் ஒரு கேள்வி வந்துவிடும். "எந்தப் புத்தகம் வாங்கட்டும்?" அந்தக் கேள்விக்குள் இருக்கிற பதற்றம் எனக்கு நன்றாகவே தெரியும். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். அதனால் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் ஒரு மாதம் பாடப்புத்தகம் எதுவும் வாங்காதீர்கள். கோடு போட்ட ஒரு நோட்டு போதும். அதுவும் பிள்ளைக்கு இல்லை, உங்களுக்கு.

என் மகனைப் பள்ளியிலிருந்து நிறுத்தியபோது அவனுக்கு எட்டு வயது. அவனுக்கு ஆட்டிசம் இருக்கிறது. பேசுவான், ஆனால் கேட்ட கேள்விக்கு வாயால் பதில் சொல்வது அவனுக்கு மிகவும் சிரமம். வகுப்பறை இரைச்சலில் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்த பிள்ளையைப் பற்றி, "கவனிப்பதே இல்லை" என்று எழுதி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். சரி, இனி நாமே பார்த்துக்கொள்வோம் என்று முடிவெடுத்தோம். அடுத்த திங்கட்கிழமை நான் செய்த முதல் வேலை, சுவரில் ஒரு கால அட்டவணையை ஒட்டியது. ஒன்பது மணிக்குக் கணக்கு, ஒன்பதே முக்காலுக்குத் தமிழ், பத்தரைக்கு அறிவியல். மூன்றாவது நாள் அந்தத் தாளைப் பார்த்ததும் அவன் மேசைக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டான். எந்த இடத்திலிருந்து அவனை மீட்டுக் கூட்டி வந்தேனோ, அந்த இடத்தையே பெயர்த்தெடுத்து வந்து வீட்டுச் சுவரில் ஒட்டியிருந்தேன். அன்று மாலையே அதைக் கிழித்துப் போட்டேன்.

பள்ளியில் மனம் நொந்து வருகிற பிள்ளைக்கு முதலில் ஓய்வு வேண்டும். பென்சிலைத் தொட மாட்டேன் என்றால் தொட வேண்டாம். வீட்டுக்கல்விக் குடும்பங்களுக்குள் வாய்மொழியாக ஒரு கணக்கு உண்டு: பள்ளியில் இருந்த ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு மாதம் சும்மா விட வேண்டும் என்பார்கள். இது அனுபவக் கணக்குதான், ஆராய்ச்சி முடிவு இல்லை. சில பிள்ளைகள் இரண்டே வாரத்தில் தானாக ஏதாவது கேட்க ஆரம்பிப்பார்கள், சிலருக்கு அரை வருடம் ஆகும். அந்த நாட்களில்தான் நோட்டுக்கு வேலை.

என்ன எழுதுவது? தினமும் நாலு வரி. எந்த நேரத்தில் பிள்ளை தெளிவாக இருக்கிறது, எந்தச் சத்தத்துக்கு முகம் சுளிக்கிறது, எதைச் செய்யும்போது நேரம் போவது தெரியாமல் இருக்கிறது, வேண்டியதை எப்படிக் கேட்கிறது, எவ்வளவு நேரத்தில் எழுந்துவிடுகிறது. நல்லது கெட்டது என்று தீர்ப்பு எழுதக் கூடாது, கண்ணால் பார்த்ததை மட்டும் எழுத வேண்டும். "இன்று அடம் பிடித்தான்" என்று எழுதினால் அதிலிருந்து ஒன்றும் தெரியாது. "மிக்சி ஓடியதும் எழுந்து போனான், நின்றதும் தானாக வந்து உட்கார்ந்தான்" என்று எழுதினால் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்துவிடும்.

என் நோட்டில் மூன்றாவது வாரம் ஒரு வரி இருக்கிறது. இன்னமும் வைத்திருக்கிறேன். "இங்கே எத்தனை பொத்தான் இருக்கு என்று கேட்டேன். பதில் இல்லை. ஏழு பொத்தான் எடுத்துக் கொடு என்றேன். சரியாக ஏழு கொடுத்தான்." எட்டு வயதுப் பிள்ளைக்கு எண்ணத் தெரியாது என்று நானும் நம்பிக்கொண்டிருந்தேன். அவனுக்கு எண்ணத் தெரிந்திருக்கிறது. தெரிந்ததை வாயால் சொல்லிக் காட்டும் வழிதான் அவனிடம் இல்லை. நாங்கள் அந்த ஒரு வழியை மட்டும் வைத்து அவனை அளந்துகொண்டிருந்தோம்.

எந்தப் பிள்ளையையும் ஒதுக்காமல் எல்லோரையும் சேர்த்துக்கொள்வதை உள்ளடக்கிய கல்வி என்கிறார்கள். இன்று எல்லோரும் சொல்கிற அந்தச் சொல்லை எனக்குப் புரிய வைத்தது அந்த ஏழு பொத்தான்தான். அமெரிக்காவில் ரொனால்ட் மேஸ் என்று ஒரு கட்டடக் கலைஞர் இருந்தார். சிறு வயதில் போலியோ வந்து சக்கர நாற்காலியில் வாழ்ந்தவர். கட்டடத்தைக் கட்டி முடித்த பிறகு ஒரு ஓரத்தில் சாய்தளம் சேர்ப்பதைவிட, தொடக்கத்திலேயே எல்லோருக்குமாகச் சேர்த்து வடிவமைக்க வேண்டும் என்றார். அதே எண்ணத்தைப் பாடத்துக்குள் கொண்டுவந்தவர்கள், 1984-இல் தொடங்கப்பட்ட காஸ்ட் என்ற கல்வி அமைப்பினர். அவர்கள் சொல்வதை வீட்டுப் பேச்சில் மூன்று கேள்வியாக வைத்துக்கொள்ளலாம். இந்தப் பிள்ளைக்கு இதில் ஆசை வர என்ன வழி? விஷயம் இதன் மூளைக்குள் போக என்னென்ன வழி? தெரிந்ததை வெளியே காட்ட என்னென்ன வழி? முதல் இரண்டையும் பெற்றோர் எப்படியோ கண்டுபிடித்துவிடுகிறார்கள். மூன்றாவதைத்தான் மறந்துவிடுகிறோம். எழுதிக் காட்டு, இல்லாவிட்டால் சொல்லிக் காட்டு என்பதோடு நின்றுவிடுகிறோம். எடுத்துக் கொடுக்கலாம், சுட்டிக் காட்டலாம், வரையலாம், களிமண்ணில் செய்யலாம், தட்டச்சு செய்யலாம், தங்கைக்குக் கற்றுக்கொடுத்துக் காட்டலாம்.

வாசிப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வீட்டில் அதிகம் அழுகை நடப்பது அங்கேதான். டிஸ்லெக்ஸியா, அதாவது எழுத்தைப் படிப்பதில் சிரமம், உள்ள பிள்ளைக்குத் தமிழ் எழுத்து எப்படித் தெரியும் என்று யோசித்துப் பாருங்கள். 'கொக்கு' என்ற சொல்லின் முதல் எழுத்தில் கண் முதலில் பார்ப்பது கொம்பு. அப்புறம் க. அப்புறம் கால். ஆனால் வாயில் முதலில் வருவது க் என்ற ஒலி, அதற்குப் பிறகு ஒ. கண் போகிற வரிசை ஒன்று, காது கேட்கிற வரிசை வேறு. இதோடு 'கடல்', 'தங்கம்', 'பகல்' மூன்றிலும் ஒரே க மூன்று விதமாக ஒலிக்கிறது. 247 எழுத்தையும் ஒரே அட்டையில் தொங்கவிட்டு மனப்பாடம் செய்யச் சொன்னால் அந்தப் பிள்ளை மிரண்டுபோகும். நாங்கள் உயிர்க்குறிகளுக்கு ஒரு நிறம் கொடுத்தோம். கொம்பும் காலும் ஒரே சிவப்பு, க மட்டும் கறுப்பு. இரண்டு சிவப்புத் துண்டும் சேர்ந்துதான் ஒ என்று கண்ணுக்கே தெரிந்துவிடும். ஒரு வாரத்துக்கு ஒரு குறி, அதற்கு மேல் போகவில்லை. ல, ள, ழ மூன்றையும் ஒன்றாக அறிமுகப்படுத்தாதீர்கள். ஒன்று நன்றாகப் பதிந்த பிறகு அடுத்தது.

தொட்டுப் படிப்பதும் பெரிய உதவி. உப்புத்தாளில் எழுத்தை வெட்டி ஒட்டி, விரலால் தடவிக்கொண்டே ஒலியைச் சொல்வது. இது மரியா மாண்டிசோரியின் முறை. அவர் 1907-இல் ரோம் நகரில் முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தார் என்பது பலருக்குத் தெரியும். அதற்கு முன்பே, படிக்க வைக்க முடியாது என்று ஒதுக்கப்பட்ட, அறிவு வளர்ச்சிக் குறைபாடுள்ள குழந்தைகளோடு வேலை செய்த மருத்துவர் அவர். அந்தக் குழந்தைகளுக்காக ஆராய்ந்து பார்த்த வழிகளைத்தான் பிறகு எல்லாக் குழந்தைகளுக்கும் கொண்டு போனார். எனக்கு மனம் தளரும் நாட்களில் இந்த வரலாற்றை நினைத்துக்கொள்வேன்.

வீட்டிலும் அதுவே நடக்கிறது. மகனுக்காக அன்றைய வேலைகளைப் படமாக வரைந்து கதவில் ஒட்டினேன். அவனைவிட மூன்று வயது சிறியவளான என் மகளும் அதைப் பார்த்துத்தான் அடுத்த வேலைக்குப் போக ஆரம்பித்தாள். நானும்தான். இரண்டு பிள்ளைகளுக்குத் தனித்தனிப் பாடம் நடத்த முயன்றால் பெற்றோர் ஒரு வாரத்தில் படுத்துவிடுவார்கள். விஷயம் ஒன்றாக இருக்கட்டும், ஆழம் வேறாக இருக்கட்டும். தண்ணீர் என்று எடுத்தால், ஒருவர் குவளையால் மொண்டு பெரிய பாத்திரம் எத்தனை குவளை பிடிக்கிறது என்று எண்ணலாம். இன்னொருவர் மில்லிலிட்டரில் அளந்து எழுதலாம். இரண்டு பேரும் ஒரே மேசையில், ஒரே ஈரத்தில்.

"அவனுக்கு மட்டும் ஏன் கால்குலேட்டர்?" என்று மகள் ஒருநாள் கேட்டாள். அந்தக் கேள்வியை அதட்டி அடக்காதீர்கள். உனக்குத் தொட்டியில் கை கழுவ ஸ்டூல் வேண்டும், அவனுக்கு வேண்டாம், இல்லையா என்றேன். புரிந்துகொண்டாள். ஆனாலும் அவளுக்கென்று தனியாகத் தினமும் அரை மணி நேரம் வேண்டியிருந்தது. அதை நான் உணர இரண்டு வருடம் ஆனது. கூடப்பிறந்த பிள்ளையும் இந்தக் கல்விக்குள் அடக்கம் என்பதை முதல் நாளே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

காது கேளாத பிள்ளை இருக்கிற வீட்டில் கல்வி தொடங்குவது பெற்றோர் சைகை மொழி படிப்பதில்தான். சைகை மொழி வெறும் கையசைப்பு இல்லை. தனக்கென்று இலக்கணம் உள்ள முழு மொழி என்பதை வில்லியம் ஸ்டோக்கி என்ற ஆய்வாளர் 1960-லேயே அமெரிக்கச் சைகை மொழியை வைத்துக் காட்டிவிட்டார். அப்பா, அம்மா, அண்ணன், பாட்டி எல்லோரும் கற்றுக்கொண்டால் அந்தப் பிள்ளை வீட்டில் நடக்கிற பேச்சுக்குள் வந்துவிடும். அதேபோல, பேச்சு வராத பிள்ளைக்குப் படஅட்டையோ பேசும் கருவியோ கொடுத்தால் இருக்கிற பேச்சும் போய்விடுமோ என்று பயப்படுகிறார்கள். ஆய்வுகள் அந்தப் பயத்துக்கு இடம் தரவில்லை. பல பிள்ளைகளுக்குப் பேச்சு கூடத்தான் செய்திருக்கிறது. தயவுசெய்து காத்திருக்காதீர்கள்.

இப்போது எனக்கே நெடுநாள் உறுத்திய ஒரு கேள்விக்கு வருகிறேன். உள்ளடக்கம் என்றால் எல்லோரோடும் சேர்ந்து இருப்பது. வீட்டுக்கல்வி என்றால் எல்லோரிடமிருந்தும் பிரித்துக் கூட்டி வருவது. இரண்டும் எப்படிச் சேரும்? நேர்மையாகச் சொன்னால், தானாகச் சேராது. முதல் ஒன்றரை வருடம் என் மகன் எங்கள் நான்கு பேரைத் தவிர யாரோடும் பழகவில்லை. வீடு அமைதியாக இருந்தது, அவன் நன்றாகப் படித்தான், நானும் நிம்மதியாக இருந்தேன். ஒருநாள் வாசலில் ஒரு சிறுவன் பந்தை எடுக்க வந்தான். என் மகன் அவனைப் பார்த்துச் சிரித்தான், அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் அப்படியே நின்றான். அந்தச் சிறுவனும் அதேபோல நின்றான். அவனும் என் மகனைப் போல ஒருவனோடு பழகியதே இல்லை. இழப்பு இரண்டு பக்கமும் இருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது.

அதன் பிறகு வாரத்தில் இரண்டு பொழுதை வெளியே என்று ஒதுக்கினோம். நூலகம், பூங்கா, நீச்சல், இன்னொரு குடும்பத்தோடு சேர்ந்து தோட்ட வேலை. கூட்டமாக அழைத்துப் போகாமல் ஒரே ஒரு பிள்ளையோடு, குறைந்த நேரம், கையில் ஏதாவது வேலையோடு ஆரம்பித்தோம். நாற்பது நிமிடம் நன்றாகப் போனால் ஐம்பதாக்க ஆசைப்படாமல் அதோடு வீடு திரும்பினோம். நீங்கள் தொடங்கும்போது இதை ஒன்றரை வருடம் தள்ளிப் போடாதீர்கள். முதல் மாதத்திலேயே ஒரு குடும்பத்தைத் தேடிப் பிடியுங்கள். அந்த வீட்டுப் பிள்ளைக்கு எந்தக் குறைபாடும் இல்லாவிட்டால் இன்னும் நல்லது.

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாக. இது நாட்டுக்கு நாடு மாறும். ஜெர்மனியில் பள்ளிக்குப் போவது கட்டாயம், வீட்டுக்கல்விக்கு அநேகமாக இடமே இல்லை. இங்கிலாந்தில் 1996-ஆம் ஆண்டின் கல்விச் சட்டம், பள்ளியிலோ வேறு வழியிலோ பிள்ளையின் வயதுக்கும் திறனுக்கும் சிறப்புத் தேவைக்கும் பொருந்திய கல்வியைத் தர வேண்டும் என்று பெற்றோர்மேல் கடமை வைக்கிறது. பள்ளியிலிருந்து பெயரை எடுப்பதற்கு முன்பே, நீங்கள் இருக்கும் இடத்தின் விதியைப் படித்துவிடுங்கள். பள்ளி வழியாகக் கிடைத்துவந்த பேச்சுப் பயிற்சியும் மற்றத் தெரபிகளும் பெயரை எடுத்தபின் தொடருமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பின்னாளில் பொதுத்தேர்வு எழுத வைப்பதாக இருந்தால் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற வசதிகளுக்கு என்ன சான்று வேண்டும் என்பதையும் முன்கூட்டியே விசாரியுங்கள். 2006-இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 24-ஆவது பிரிவு, கல்வியில் இப்படிப்பட்ட தகுந்த வசதிகளை உரிமையாகவே சொல்கிறது. கேட்கத் தயங்க வேண்டியதில்லை. அப்புறம், கண்ணையும் காதையும் ஒருமுறை முறையாகப் பரிசோதித்துவிடுங்கள். கவனம் இல்லை என்று நாம் நினைக்கிற பிள்ளைக்குச் சில சமயம் சரியாகக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

இன்னொன்று. பெரும்பாலான வீடுகளில் இந்த வேலை முழுவதும் அம்மாவின் தலையில் விழுகிறது. எங்கள் வீட்டிலும் விழுந்தது. வேலையை விட்டேன், தூக்கம் கெட்டது, பிள்ளைமேல் எரிந்து விழுந்தேன். பிறகு உட்கார்ந்து பிரித்துக்கொண்டோம். கணக்கும் நீச்சலும் அவன் அப்பாவுக்கு. ஞாயிறு காலை எனக்கு விடுமுறை. பிரித்துக்கொள்ள யாருமில்லாமல் தனியாகப் பிள்ளை வளர்க்கிற பெற்றோர் இதைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். உங்களுக்குப் பாதி நாள் பள்ளி, பாதி நாள் வீடு என்ற ஏற்பாடு கிடைக்குமானால் அது எந்த விதத்திலும் குறைந்ததில்லை. உங்கள் பிள்ளையை அன்போடு ஏற்றுக்கொள்கிற ஒரு பள்ளி கிடைத்துவிட்டால் அதைவிட நல்ல செய்தி வேறில்லை. வீட்டுக்கல்வியை ஒரு வருடம் நடத்திப் பார்த்துவிட்டுத் திரும்பப் பள்ளிக்குப் போகிற பிள்ளைகளும் உண்டு. அந்த ஒரு வருடத்தில் நீங்கள் எழுதிய நோட்டு, புதிய ஆசிரியருக்கு எந்த மருத்துவ அறிக்கையையும்விட அதிகம் சொல்லும்.

என் மகனுக்கு இப்போது பதினாறு வயது. பந்து எடுக்க வந்த சிறுவன் சனிக்கிழமைதோறும் வருகிறான். இரண்டு பேரும் பழைய கடிகாரங்களைப் பிரித்துப் போட்டு மாட்டிக்கொண்டிருப்பார்கள், அதிகம் பேச மாட்டார்கள். போன வாரம் ஒரு திருகாணி காணாமல் போய், அந்தச் சிறுவன் "மொத்தம் எத்தனை இருந்தது?" என்று கேட்டான். என் மகன் வாயைத் திறந்து, "பதினொன்று" என்றான். அன்று இரவு நோட்டில் அதை எழுதி வைத்தேன்.

நன்றி. வணக்கம்.