திரையில் ஒரு முகம், மைக்கில் என் குரல்

நேயர்களுக்கு வணக்கம். நான் வளர்ந்தது மும்பை மாட்டுங்காவில். வீட்டுக்குள் தமிழ், தெருவெல்லாம் இந்திப் பாட்டு. அந்தப் பாட்டுகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு நேரம் போவதே தெரியாது. பத்து நிமிடம்தான் என்று கண்டிப்பாகச் சொல்லித்தான் உள்ளே விட்டிருக்கிறார்கள். பார்ப்போம்.

இன்று எடுத்துக்கொண்டது ஒரு வீடியோ கேம். பெயர் சிங்ஸ்டார் பாலிவுட். டிவியோடு இணைத்து விளையாடும் பிளேஸ்டேஷன் 2 என்ற கருவிக்காக 2007இல் வந்தது. சிங்ஸ்டார் என்ற விளையாட்டு 2004இலேயே லண்டனில் உருவாகிவிட்டது. ஜெர்மன்காரர்களுக்கு ஜெர்மன் பாட்டு, நார்வேக்காரர்களுக்கு நார்வே பாட்டு என்று தனித்தனி வட்டுகள் வந்தன. நம் பங்குக்கு இந்திப் படப்பாட்டு. சிவப்பு மைக் ஒன்று, நீல மைக் ஒன்று. திரையில் பாட்டுக் காட்சி ஓடும், வரிகள் வரும், நாம் கூடவே பாட வேண்டும். முடிந்ததும் மதிப்பெண். முழு மதிப்பெண் 10,000.

எப்படி மதிப்பெண் போடுகிறது? ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ஒரு சின்னப் பட்டை திரையில் வரும். கோலம் போட வைத்த புள்ளிகளை இழுத்து நீட்டிவிட்டது போல இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேல் ஸ்வரம் என்றால் பட்டை மேலே, கீழ் ஸ்வரம் என்றால் கீழே. உங்கள் குரல் அந்த உயரத்தில், அந்த நேரத்தில் விழுந்தால் பட்டை நிறையும். அவ்வளவுதான். சாதாரணப் பாட்டில் சொல்லைப் பற்றி அதற்குக் கவலையே இல்லை. வாயை மூடிக்கொண்டு 'ம்ம்' என்று முனகினாலும் போதும். ஸ்தாயியும் பார்க்காது, அதாவது அதே ஸ்வரத்தை மேல் ச-வை ஒட்டிப் பாடினாலும் கீழ் ச-வை ஒட்டிப் பாடினாலும் ஒன்றுதான். நமக்கு எட்டாத உயரத்தில் லதா மங்கேஷ்கர் பாடியதை ஓர் ஆண் ஒரு ஸ்தாயி கீழே பாடினாலும் அதே மதிப்பெண்தான். இந்திப் பாட்டுக்கு இது பெரிய உபகாரம், இல்லையா? இல்லாவிட்டால் எங்கள் வீட்டு ஆண்கள் அத்தனை பேரும் பூஜ்யம்தான்.

இங்கே என் அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். சின்ன வயதிலிருந்தே கர்நாடக சங்கீதம். லண்டனில் இருந்து வந்த உறவுக்காரப் பையன் இந்த வட்டைக் கொண்டுவந்தான். அத்தை சிவப்பு மைக்கைப் பிடித்தார், அவருடைய ஒன்பது வயதுப் பேத்தி நீல மைக். அத்தையால் ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்குச் சும்மா தாவ முடியாது. வழுக்கிக்கொண்டு போவார், அசைப்பார், தொட்டுவிட்டு வருவார். பட்டையோ நேர்கோடு. அத்தை கமகம் போடப் போட, பட்டை காலியாகவே கிடந்தது. பேத்தி ரயில் ஊதுவது போல நேராக ஊதினாள். பட்டை பட்டையாக நிரம்பியது.

"பாட்டி, ஆடாம பாடு பாட்டி!"

"ஆடாம பாடினா அது பாட்டாடீ?"

விளையாட்டின் மேல் தப்பில்லை. கோடு போட்டுக் கொடுத்ததை அளக்கிறது. கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவில் இருப்பதுதானே நம் ஊர்ப் பாட்டு!

தோற்ற கோபத்தில் அத்தை திரையைக் காட்டி ஒன்று கேட்டார். "இவனா பாடினான்? வாயை மட்டும்தானே அசைக்கிறான்?" நான் இங்கே வந்து உட்கார்ந்திருப்பதே அந்தக் கேள்வியால்தான். ஆங்கிலப் பாட்டு வட்டைப் போட்டால் திரையில் பெரும்பாலும் பாடினவரே வருவார். இந்திப் பாட்டில் வருவது நடிகர். 1935இல் கல்கத்தா நியூ தியேட்டர்ஸ் ஆட்கள் பின்னணிப் பாடலைக் கொண்டுவந்ததிலிருந்து முகம் ஒருவருடையது, குரல் இன்னொருவருடையது. ஆக, இந்த விளையாட்டில் மைக்கைப் பிடித்தால் நீங்கள் நடிகர் ஆவதில்லை. திரைக்குப் பின்னால் இருட்டில் நிற்கிறாரே, அந்தப் பின்னணிப் பாடகர் ஆகிறீர்கள்.

இது வானொலி. அதனால் இந்தக் கதையைச் சொல்லாமல் போக முடியாது. 1949இல் வந்த 'மஹல்' படத்தில் நடிகை மதுபாலாவுக்கு லதா பாடினார். இசைத்தட்டில் என்ன பெயர் போட்டார்கள்? காமினி. அது படத்தில் வரும் பாத்திரத்தின் பெயர்! வானொலியில் பாட்டு ஒலிக்க ஒலிக்க, "பாடியது யார், பாடியது யார்" என்று கடிதங்கள் குவிந்தன. இசைத்தட்டு கம்பெனியிடம் கேட்டு, வானொலியில்தான் லதாவின் பெயரைச் சொன்னார்கள். கேட்பவர்கள் கேட்டதால் வந்த பெயர் அது. 1954இல் தொடங்கிய ஃபிலிம்ஃபேர் விருதில்கூடப் பின்னணிப் பாடகருக்கென்று ஒரு விருது 1959இல்தான் வந்தது. அத்தனை காலம் முகத்துக்குத்தான் மாலை.

இந்த விளையாட்டில் முகத்துக்கு மதிப்பெண் கிடையாது, நேயர்களே. குரலுக்கு மட்டும்தான். அத்தைக்கு இதைச் சொன்னேன். கொஞ்சம் சமாதானம் ஆனார்.

சரி, கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கை காட்டுகிறார்கள். சிங்ஸ்டார் பாட்டுகளை இணையத்தில் விற்ற கடை 2020 ஜனவரியோடு மூடப்பட்டது. அதைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்தேன், நேரமில்லை. வட்டாக வாங்கியவர்களிடம் பாட்டு தங்கிவிட்டது. அதை மட்டும் சொல்லிவைக்கிறேன். அப்புறம், அத்தை மறுநாள் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகப் பாடிப் பார்த்து எவ்வளவு வாங்கினார் என்றால்... முடிந்ததா? சரி, வணக்கம்.