பெயரை விற்க உரிமை உண்டு, நாங்கள் கொடுத்த வாக்கை விற்க?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, ஞாயிற்றுக்கிழமை மாலையில் போக்குவரத்தையெல்லாம் தாண்டி அல்சூர் வரை வந்திருக்கும் பெங்களூர்த் தமிழ் உறவுகளே, வணக்கம்.

‘ஒரு விளையாட்டின் பெயரைச் சூதாட்டத்துக்கு உரிமம் கொடுப்பது வணிக உரிமையா, நம்பிக்கைத் துரோகமா?’ என்பது தலைப்பு. எடுத்துக்கொண்ட விளையாட்டு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். அதன் உரிமையாளரான ஹாஸ்ப்ரோ என்ற அமெரிக்கப் பொம்மை நிறுவனம் இந்தப் பெயரைக் காசினோ ஆட்டங்களுக்கு உரிமம் கொடுத்திருக்கிறது. துரோகம்தான் என்று சொல்ல நான் வந்திருக்கிறேன்.

முன்வரிசையில் உள்ள பெரியவர்களுக்காக விளையாட்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான்கைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்காருவார்கள். ஒருவர் கதையை நடத்துவார், அவரை டிஎம் என்பார்கள். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு வேடம்: வீரன், மந்திரவாதி, திருடன். ‘கதவை உடைக்கிறேன்’ என்று ஒருவர் சொன்னால், உடைந்ததா இல்லையா என்பதை இருபது முகப் பகடை சொல்லும். 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் உருவாக்கி வெளியிட்டார்கள். 1997-இல் விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் என்ற விளையாட்டு நிறுவனம் அதை வாங்கியது. 1999-இல் அந்த நிறுவனத்தையே ஹாஸ்ப்ரோ வாங்கியது. இன்றைக்கு இந்திராநகர், கோரமங்களா கஃபேக்களில் நம் வீட்டுப் பிள்ளைகள் ஆடுகிறார்கள்.

எதிரணித் தலைவர் முதலில் சொன்னது, ‘அங்கேயும் பகடை, இங்கேயும் அதிர்ஷ்டம், என்ன வித்தியாசம்?’ என்று. கைதட்டலும் வாங்கினார். வித்தியாசத்தைச் சொல்கிறேன், கேளுங்கள்.

எங்கள் மேசையில் பகடை எல்லோர் கண் முன்னாலும் உருள்கிறது. இருபது முகம், ஒவ்வொன்றுக்கும் நூற்றுக்கு ஐந்து வாய்ப்பு. பத்து வயதுப் பிள்ளையும் கணக்குப் போட்டுவிடும். 1 விழுந்தால் ஆட்டம் முடியாது. கதவு உடையவில்லை, சத்தம் கேட்டுக் காவலன் வருகிறான், அவனிடம் என்ன பொய் சொல்லலாம் என்று நான்கு பேரும் தலையைச் சேர்த்து யோசிப்பார்கள். அப்புறம் மாதக்கணக்கில் பேசிச் சிரிப்பது பெரும்பாலும் அந்த 1 விழுந்த இரவைப் பற்றித்தான். தோற்றவனுக்கும் ஒரு கதை கிடைக்கிறது.

காசினோவில் பணம் கட்டிப் படச் சக்கரங்களைச் சுற்றவிடும் ஸ்லாட் இயந்திரத்தில் என்ன நடக்கிறது? பொத்தானை அழுத்திய நொடியிலேயே முடிவு எண்ணாக விழுந்துவிடுகிறது. சக்கரம் சுற்றுவதெல்லாம் அதற்குப் பிறகு காட்டும் காட்சி. எந்தப் படம் எத்தனை முறை வரும் என்பது ஆடுபவர் கண்ணுக்குத் தெரியாது. நெடுநேரம் ஆடினால் லாபம் நடத்துபவருக்கே போகும்படி கணக்கு எழுதப்பட்டிருக்கிறது. இதில் ஒரு தந்திரமும் உண்டு. நூறு ரூபாய் கட்டி நாற்பது ரூபாய் திரும்ப வந்தால் அறுபது ரூபாய் நஷ்டம். ஆனால் இயந்திரம் மணியடித்து, விளக்கெரித்து, ஜெயித்துவிட்டாய் என்று கொண்டாடும். பிரிட்டனின் சூதாட்ட ஒழுங்குமுறை ஆணையம் இணைய ஸ்லாட்டுகளில் இந்தக் கொண்டாட்டத்தை 2021-இல் தடை செய்தது. ஒரு சுற்று இரண்டரை நொடிக்குக் குறையக் கூடாது, தானாகச் சுற்றிக்கொண்டே இருக்கும் வசதி கூடாது என்றும் விதித்தது. விளையாட்டின் வேகத்தையே சட்டம் போட்டுக் குறைக்க வேண்டியிருந்தது என்றால், அது எதற்காகக் கட்டப்பட்ட பொருள் என்று நடுவர் அவர்களே யோசித்துப் பார்க்க வேண்டும்.

எதிரணியில் பேசிய வழக்கறிஞர் தோழி, ‘வணிகச் சின்னம் ஹாஸ்ப்ரோவின் சொத்து, சொத்தை யாருக்கும் வாடகைக்கு விடலாம்’ என்றார். சட்டப்படி சரி, நான் மறுக்கவில்லை. ஐஜிடி, கொனாமி போன்ற நிறுவனங்கள் இந்தப் பெயரில் செய்த ஸ்லாட் இயந்திரங்கள் காசினோக்களுக்கு முன்பே வந்திருக்கின்றன. அதே ஹாஸ்ப்ரோவின் மோனோபொலி பெயருக்கு அதைவிடப் பழைய காசினோ வரலாறு உண்டு. எங்கள் கேள்வி, அந்தச் சொத்தின் மதிப்பு எங்கிருந்து வந்தது என்பது. நிறுவனம் விற்பது விதிப்புத்தகம். கதையை உண்டாக்குவது ஆடுபவர்கள். இதை நிறுவனமே ஒருமுறை கற்றுக்கொண்டது. 2000-ஆம் ஆண்டிலிருந்து பிறரும் இந்த விதிகளை வைத்துப் புத்தகம் போடலாம் என்று ஒரு திறந்த உரிமம் இருந்தது. 2023 ஜனவரியில் அதை ரத்து செய்யும் திட்டம் வெளியே கசிந்தது. ஆட்டக்காரர்கள் கொதித்தெழுந்து இணையச் சந்தாக்களை ரத்து செய்தார்கள். அந்த மாதம் முடிவதற்குள் நிறுவனம் பின்வாங்கியது, அடிப்படை விதிகளைக் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் எல்லோருக்கும் கொடுத்தது. எந்த நீதிமன்றமும் உத்தரவு போடவில்லை, நடுவர் அவர்களே. மேசையைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் எழுந்து நின்றார்கள், அவ்வளவுதான்.

இன்னொரு வரலாறும் இருக்கிறது. 1980-களில் அமெரிக்காவில் இந்த விளையாட்டின் மேல் பெரிய பழி விழுந்தது. சாத்தான் வழிபாடு என்றார்கள், பிள்ளைகளைத் தற்கொலைக்குத் தள்ளுகிறது என்றார்கள். அந்தப் பழியைத் துடைத்தவர்கள் ஆட்டக்காரர்கள்தான். வீடு வீடாக, தாய் தந்தையரிடம், ஆசிரியர்களிடம், ‘வந்து உட்கார்ந்து பாருங்கள், இதில் கெடுதல் ஒன்றுமில்லை’ என்று ஆண்டுக்கணக்கில் சொல்லிச் சொல்லித்தான் இந்தப் பெயர் சுத்தமானது.

நம் ஊரிலும் அதே வேலையைத்தான் நாங்கள் செய்கிறோம். நான் மேசை நடத்துகிறேன். புதிதாக ஒரு பையனோ பெண்ணோ வந்தால், பின்னாலேயே அம்மா போன் செய்வார். ‘பகடை உருட்டுறாங்களாமே, சூதாட்டம் மாதிரி எதுவும் இல்லையே தம்பி?’ என்று கேட்பார். தாயக்கட்டையில் பணம் வைத்து ஆடியவர்களைப் பார்த்து வளர்ந்தவர்கள், லாட்டரிச் சீட்டால் அழிந்த குடும்பம் பக்கத்துத் தெருவில் இருந்தவர்கள். அவர்கள் பயம் நியாயமானது. ‘இல்லம்மா, இதில் காசுப் பேச்சே கிடையாது, நம்பி அனுப்புங்க’ என்று சொல்கிறேன். அந்த ஒரு வாக்குதான் இந்தப் பெயரின் மதிப்பு. காசினோவுக்கு வாடகைக்கு விடப்படுவதும் அதுதான். என்னைக் கேட்காமல், அந்த அம்மாவைக் கேட்காமல்.

உரிமப் பணம் வந்தால்தான் எழுத்தாளர்களுக்குச் சம்பளம் என்றார் இன்னொருவர். உரிமம் கொடுப்பதையே நாங்கள் எதிர்க்கவில்லை. 2023-இல் வந்த பால்டர்ஸ் கேட் 3 கணினி விளையாட்டும் உரிமம் வாங்கிச் செய்ததுதான், உலகமே கொண்டாடியது. அதில் பகடை தோற்றாலும் கதை வேறு வழியில் தொடரும், மேசையின் குணம் அப்படியே இருந்தது. சரி, அந்த வெற்றி ஊழியர்களைக் காப்பாற்றியதா? அதே ஆண்டு டிசம்பரில் ஹாஸ்ப்ரோ சுமார் 1,100 வேலைகளைக் குறைப்பதாக அறிவித்தது. சூதாட்டப் பணம் மட்டும் எழுத்தாளர் வீட்டுக்குப் போகும் என்று எதை வைத்து நம்புவது?

‘இந்தியாவில் 2025 சட்டம் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்துவிட்டது, நமக்கென்ன கவலை’ என்றும் கேட்டார்கள். அந்தச் சட்டத்தை எதிர்த்த வழக்கு நம் கர்நாடக உயர்நீதிமன்றத்தில்தான் முதலில் வந்தது, பிறகு உச்சநீதிமன்றம் தன்னிடம் எடுத்துக்கொண்டது. அதன் முடிவு எதுவாகவும் இருக்கட்டும். இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் எத்தனை பேர் பிள்ளைகளை மேல்படிப்புக்கு லண்டனுக்கும் டொரன்டோவுக்கும் அனுப்பியிருக்கிறீர்கள்? இருபத்திரண்டு வயது, தனி அறை, புது ஊர், பேச ஆள் இல்லை. நண்பர்களோடு ஆடிய அதே டிராகன் போன் திரையில் வந்து கூப்பிடுகிறது. பிரிட்டனில் 2025-இல் இணைய ஸ்லாட்டில் ஒரு சுற்றுக்கு ஐந்து பவுண்டு உச்சவரம்பு வைத்தார்கள். 18 முதல் 24 வயது வரை உள்ளவர்களுக்கு மட்டும் இரண்டு பவுண்டு. இளம் வயதினருக்கு ஆபத்து அதிகம் என்பதால்தான் இந்தத் தனி வரம்பு.

காசினோக்களுக்குப் பேர்போன அமெரிக்காவின் நெவாடா மாநிலத்திலேகூட, 21 வயதுக்கு உட்பட்டவர்களுக்காக முதன்மையாக விற்கப்படும் பொருளைச் சூதாட்ட இயந்திரத்தின் கருவாக வைக்கக் கூடாது என்று விதி எழுதியிருக்கிறார்கள். இந்த விளையாட்டு அந்த விதிக்குள் வராது என்று எதிரணி வாதிடலாம், பெரியவர்களும் ஆடுகிறார்களே என்று. ஆனால் இதன் தொடக்கப் பெட்டியின் மேல் ‘12+’ என்று அச்சிட்டிருக்கிறது.

எனக்குப் பின் பேச வரும் எதிரணி நண்பர் இதற்கு மட்டும் பதில் சொல்லட்டும். உரிமம் கொடுத்ததில் மறைக்க ஒன்றுமில்லை, அது நேர்மையான வியாபாரம் என்கிறீர்கள். அப்படியானால் அந்தப் பன்னிரண்டு வயதுப் பெட்டியின் மேலேயே, ‘இதே பெயரில் காசினோ ஆட்டங்களும் உண்டு’ என்று அச்சிடச் சொல்லி அந்த நிறுவனத்துக்குப் பரிந்துரைப்பீர்களா?